தக்காளி இல்லாத சிவப்பு

வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளி, ஆரஞ்சு. உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லி நமக்கு ஊட்டப்பட்டவை இவை. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு மருத்துவமனையில் தரும் உணவுத்தாளைப் பார்த்தால், இதே பெயர்கள் 'தவிர்க்கவும்' என்ற தலைப்பின்கீழ் வரிசையாக நிற்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற சொல்லையே முதல்முறையாகக் கேட்டுவிட்டு வந்திருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாள் பெரிய அடி. நேற்றுவரை நல்லதாக இருந்த காய் இன்று எப்படிக் கெட்டதானது?

தக்காளியைப் பற்றி நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் உலவுகிறது. அதன் விதை சிறுநீரகத்தில் கல்லாகப் படியும் என்பார்கள். அது தவறு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. தக்காளியில் ஆக்சலேட் குறைவு. பாலக் கீரையில்தான் மிக அதிகம். விழுங்கிய விதை குடல் வழியாக வெளியே போகுமே தவிர, சிறுநீரகத்துக்குப் போக அதற்குப் பாதையே கிடையாது. ஆனால் உணவுத்தாளில் தக்காளி இடம்பெற்றிருப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணம் உண்மையானது. அதன் பெயர் பொட்டாசியம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் உணவை எடுத்துக்கொள்வோம்: பாஸ்தாவின் மேல் ஊற்றும் சிவப்புச் சாஸ். தக்காளியை இந்த அளவுக்குச் சுண்டவைத்துச் செறிவாக்கும் சமையல்கள் அதிகம் இல்லை. பிள்ளைகள் ஆசையாகக் கேட்பதும் இந்தத் தட்டைத்தான், நோயுள்ளவர் முதலில் விலகி உட்கார வேண்டி வருவதும் இந்தத் தட்டிலிருந்துதான். அவர் விலக வேண்டியதில்லை என்று நான் நம்புகிறேன். அதற்குக் கொஞ்சம் அறிவியலும் ஒரு மிக்ஸியும் போதும்.

உள்ளே குடியிருக்கும் தனிமம்

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 130 கிராம் பொட்டாசியம் இருக்கும். அதில் நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கிறது. மீதி 2 பங்குதான் இரத்தத்திலும், அணுக்களைச் சுற்றியிருக்கும் நீரிலும். சோடியம் இதற்கு நேர்மாறு. அது வெளியே அதிகம், உள்ளே குறைவு.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைப்பதில்லை. அணுவின் மேல்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. மறுபடி மூன்று வெளியே, இரண்டு உள்ளே. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957இல் இதை வெளியிட்டார். நாற்பது ஆண்டு கழித்து, 1997இல், வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஏற்றம் இறைப்பவர் ஓய்ந்தால் வாய்க்கால் வறண்டுவிடும் அல்லவா? நம் ஒவ்வோர் அணுவிலும் அப்படி ஓர் ஏற்றம் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறது.

உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் இந்த வித்தியாசத்தில்தான் நரம்பும் தசையும் இயங்கத் தேவையான மின்னழுத்தம் பிறக்கிறது. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் அதை நம்பியே நடக்கிறது. வெளியே உள்ள பொட்டாசியம் கூடினால் வித்தியாசம் சுருங்கும். துடிப்பின் ஒழுங்கு குலையும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் இயல்பு. 6ஐத் தாண்டினால் மருத்துவர்கள் பதறுவார்கள். பல சமயம் நோயாளிக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் மிகவும் அச்சம் தருவது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அணுக்களுக்கு வெளியே இருக்கும் பொட்டாசியம் மொத்தமே இரண்டரை கிராமை ஒட்டித்தான். நாம் ஒரு நாளில் சாப்பிடும் உணவில் 2 முதல் 4 கிராம் வருகிறது. அதாவது, வெளியே இருக்கும் முழு இருப்புக்குச் சமமானதை, சில நாட்களில் அதற்கு மேலும், நாம் தினமும் வாய்வழியே சேர்க்கிறோம். அப்படியும் இரத்த அளவு பெரிதாக அசைவதில்லை. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், வந்த பொட்டாசியத்தை அவசரமாக அணுக்களுக்குள் அனுப்பி வைக்கிறது. பிறகு சில மணி நேரத்தில் சிறுநீரகம் மிகுதியை நிதானமாக வெளியேற்றுகிறது.

கடைசி வளைவில்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகுழல்கள் உள்ளன. நெஃப்ரான் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதைத்தான். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக விட்டு, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

பொட்டாசியத்தை அவை கையாளும் விதம் வியக்கவைப்பது. வடிந்து வந்த பொட்டாசியத்தில் பெரும்பகுதியைக் குழலின் முதல் பாதியிலேயே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. பிறகு குழலின் கடைசி வளைவில், ஆல்டோஸ்டிரோன் என்ற இயக்குநீர் சொல்லும் அளவுக்கு, புதிதாக வெளியே விடுகின்றன. நாம் உண்ணும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இப்படிச் சிறுநீரில் போகிறது. மீதி மலத்தில் போகிறது. சிறுநீரகம் தளரும்போது குடல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வெளியேற்ற முயலும். அதனால்தான் சிறுநீரக நோயாளிக்கு மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காய்கறியையே ஒதுக்கிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

குழல்கள் சில பழுதானால் மிச்சமிருப்பவை கூடுதல் வேலையைச் சுமக்கின்றன. எனவே நோயின் தொடக்க நிலைகளில் பொட்டாசியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே கொடுக்கப்படும் சில இரத்த அழுத்த மருந்துகள் ஆல்டோஸ்டிரோனை அடக்குபவை. அவற்றைச் சாப்பிடுபவருக்குச் சற்று முன்னதாகவே அளவு ஏறலாம். அதற்காக அந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது. அவை செய்யும் நன்மை பெரிது.

யாருக்கு இந்தக் கணக்கு?

இந்த இடத்தில் அழுத்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிறுநீரகக் கோளாறு என்றதுமே எல்லாருக்கும் தக்காளித் தடை போடும் பழைய வழக்கத்தை மருத்துவ உலகம் கைவிட்டு வருகிறது. அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பான எல்லைக்குள் நிற்கும்படி உணவைத் திருத்தினால் போதும் என்கிறது. யாருக்கு அளவு ஏறுகிறதோ அவருக்குத்தான் கட்டுப்பாடு. அப்படிக் கட்டுப்படுத்தும்போது பொதுவாக நாளுக்கு 2000 முதல் 3000 மில்லிகிராம் என்று எல்லை வைப்பார்கள்.

காரணமில்லாமல் காயையும் பழத்தையும் பறிப்பது ஒருவருக்குச் செய்யும் தீங்கு. நார்ச்சத்து போகிறது, உயிர்ச்சத்து போகிறது, சாப்பாட்டில் இருந்த ஆசையும் போகிறது. ஆகவே அறிக்கையில் பொட்டாசியம் எவ்வளவு என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். இனி வருவது, அந்த எண் ஏறியிருப்பவர்களுக்காக.

ஆவியாகாதது

தாவரமும் உயிரணுக்களால் ஆனதுதான். அதன் அணுச்சவ்வில் இறைக்கும் ஏற்றங்கள் நம்முடையவை போன்றவை அல்ல. ஆனாலும் பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்கும் பழக்கம் அதற்கும் உண்டு. எனவே பொட்டாசியமே இல்லாத காய் என்று ஒன்று இல்லை. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதே கேள்வி.

நூறு கிராம் பச்சைத் தக்காளிப் பழத்தில் சுமார் 237 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. நூறு கிராம் சிவப்புக் குடைமிளகாயில் 211. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லையே என்று தோன்றும். தோன்றுவது சரிதான். தக்காளிக்குப் பதில் குடைமிளகாய் போட்டால் சிறுநீரகத்துக்கு உகந்த சாஸ் ஆகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். எடைக்கு எடை மாற்றினால் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் மிச்சமாகும். அதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

சூட்சுமம் அடுப்பில் இருக்கிறது. தக்காளியின் எடையில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் தண்ணீர். சாஸ் கெட்டியாக வேண்டுமானால் அந்தத் தண்ணீர் போக வேண்டும். மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறோம், நீர் ஆவியாகிறது, பொட்டாசியம் ஆவியாவதில்லை. ஒரு கிலோ தக்காளியை 400 கிராமாகச் சுண்டவைத்தால் நூறு கிராமில் இருந்த 237, 590ஐத் தொடும். கடையில் சின்ன டப்பாவில் விற்கும் தக்காளி விழுது இன்னும் செறிந்தது. அதில் நூறு கிராமுக்கு ஆயிரம் மி.கி. வரை இருக்கும்.

ஒரு துண்டுத் தக்காளி சாலட்டில் இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஒரு கரண்டி சாஸ் என்பது பல துண்டுகள்.

இரண்டு வாணலிகள்

நான்கு பேருக்கு இரண்டு விதமாகச் சமைத்து எண்ணிப் பார்ப்போம்.

முதல் வாணலியில் வழக்கமான தக்காளிச் சாஸ். தக்காளி 800 கிராம்: சுமார் 1900 மி.கி. வெங்காயம் 100 கிராம்: 146. பூண்டு 10 கிராம்: 40. நிறத்துக்கும் திடத்துக்கும் தக்காளி விழுது இரண்டு மேசைக்கரண்டி: 320 சொச்சம். மொத்தம் 2400. ஆளுக்கு 600 மி.கி. நாள் முழுதுக்கும் 2000 என்று எல்லை வைக்கப்பட்டவருக்கு ஒரு வேளைச் சாஸ் மட்டுமே அதில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இன்னும் சாதமும் பருப்பும் பாலும் இருக்கின்றன.

இரண்டாவது வாணலியில் சிவப்புக் குடைமிளகாய் 300 கிராம்: 633 மி.கி. அதே வெங்காயம் 146, அதே பூண்டு 40. பேசில் இலை ஒரு சிறு கைப்பிடி: 15. ஆலிவ் எண்ணெயில் பொட்டாசியம் இல்லை என்றே சொல்லலாம். வினிகரிலும் அப்படித்தான். மொத்தம் 834. ஆளுக்கு 208.

மூன்றில் ஒரு பங்கு. இது எங்கிருந்து வந்தது? குடைமிளகாய் தக்காளியைவிட நல்ல காய் என்பதால் வரவில்லை. 800 கிராம் காய்க்குப் பதில் 300 கிராம் போதுமானதால் வந்தது. குடைமிளகாயின் சதை திடமானது. அரைத்தாலே கூழாக நிற்கும், சுண்டவைக்க வேண்டாம். மீதித் திடத்தை எண்ணெயும், பாஸ்தா வெந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்தும் தருகின்றன. இரண்டிலும் பொட்டாசியம் மிகக் குறைவு. மைதா நிறத்தில் இருக்கும் சாதாரண பாஸ்தாவில், வெந்தபின் நூறு கிராமுக்கு 44 மி.கி. மட்டும். ஒரு தட்டு பாஸ்தாவும் இந்தச் சாஸும் சேர்ந்து 300க்குள் அடங்கிவிடும்.

சாஸ் செய்வது

நன்றாகச் சிவந்த குடைமிளகாய் மூன்று. கத்திரிக்காயைச் சுடுகிற அதே முறையில் எரியும் அடுப்பின் மேல் நேரடியாக வைத்துத் திருப்பித் திருப்பித் தோல் கருகும்வரை சுடுங்கள். சுட்டதும் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி வையுங்கள். உள்ளே தங்கும் ஆவி தோலைப் பிரித்துவிடும். பத்து நிமிடம் கழித்துக் கையால் உரித்தால் வரும். தண்ணீரில் காட்டி உரிக்காதீர்கள். ருசி கழுவிக்கொண்டு போய்விடும். காம்பையும் விதையையும் எடுத்துவிடுங்கள்.

வாணலியில் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்குங்கள். அவசரப்படக் கூடாத இடம் இது. கண்ணாடிபோல் ஆகி, பிறகு பொன்னிறம் வரும்வரை பொறுங்கள். பூண்டைத் தட்டிப் போட்டு, வாசனை எழுந்ததும் இறக்குங்கள். உரித்த குடைமிளகாயோடு சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்து மறுபடி வாணலிக்கு மாற்றுங்கள். உப்புப் போடாமல் பாஸ்தா வேகவைத்த நீரில் அரை டம்ளர், ஒரு மேசைக்கரண்டி வினிகர், கொஞ்சம் மிளகுத்தூள் அல்லது வரமிளகாய்த் துகள். இரண்டு கொதி போதும். இறக்கும்போது பேசில். பேசில் கிடைக்காத ஊரில் திருநீற்றுப்பச்சிலை கிடைத்தால் அதையே கிள்ளிப் போடலாம்; இரண்டும் ஒரே இனச் செடி.

தக்காளி தரும் ருசியைப் பிரித்துப் பார்த்தால் நான்கு சரடுகள்: இனிப்பு, புளிப்பு, சிவப்பு, இன்னொன்று 'உமாமி'. நாக்கில் நிறைவாகத் தங்கும் இந்த ஐந்தாவது சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கண்டறிந்தார். பழுத்த தக்காளியில் அது ஏராளம். நம் சாஸில் இனிப்பைச் சுட்ட குடைமிளகாயும் வதங்கிய வெங்காயமும் தருகின்றன. சிவப்பு குடைமிளகாயின் சொந்த நிறமி. புளிப்பு வினிகரிடமிருந்து. நாலாவதுக்கு, தட்டில் பரிமாறும்போது ஆளுக்கு ஒரு தேக்கரண்டி பார்மேசான் சீஸ் துருவல் தூவலாம். அதில் உப்பும் பாஸ்பரஸும் செறிவு, எனவே தேக்கரண்டியோடு நிறுத்த வேண்டும். அந்தச் சிறு அளவே பெரிய வேலை செய்யும்.

புளிப்புக்காகப் புளியைக் கரைத்து ஊற்றலாமா என்ற எண்ணம் நம் கைகளுக்கு இயல்பாக வரும். வேண்டாம். புளிச் சதையில் நூறு கிராமுக்கு 600 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் உண்டு. எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டியில் 15 மி.கி. மட்டும், வினிகர் இல்லாத வீட்டில் அது போதும்.

தக்காளி இல்லாமல் பாஸ்தாவா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வரலாறு. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் இத்தாலிக்கு வந்தது. நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் தக்காளிச் சாஸுக்குச் செய்முறை எழுதியது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். அச்சில் பாஸ்தாவும் தக்காளியும் சேர்ந்தது அதற்கும் நூறாண்டு கழித்து. அதுவரை இத்தாலியர்கள் வெண்ணெயும் சீஸும் மிளகும் போட்டுத்தான் சாப்பிட்டார்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் மிளகாயையும் பொரித்துப் பாஸ்தாவைப் புரட்டும் முறை நேப்பிள்ஸில் இன்றும் விரும்பிச் சாப்பிடும் சாப்பாடு. பொட்டாசியக் கணக்கில் அதை வெல்ல எந்தச் சாஸாலும் முடியாது.

ஊறவைத்தால் போகுமா?

சிறுநீரக நோயாளியின் வீட்டில் காயை நறுக்கி இரவெல்லாம் தண்ணீரில் போட்டுவைக்கும் பழக்கம் உண்டு. இது வேலை செய்கிறதா? அமெரிக்காவில் பால் பெத்கே, ஷெல்லி ஜான்ஸ்கி என்ற இருவர் உருளைக்கிழங்கை வைத்துச் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறுமனே ஊறவைத்ததில் பொட்டாசியம் குறிப்பிடும்படி குறையவில்லை. துண்டுகளாக வெட்டிக் கொதிக்கவைத்தபோது பாதி போனது. துருவிக் கொதிக்கவைத்தபோது முக்கால் பங்கு போனது.

காரணம் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான். பச்சைக் காயின் அணுக்கள் பறித்த பிறகும் உயிரோடு இருக்கின்றன. சவ்வு பொட்டாசியத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. குளிர்ந்த நீர் அதை ஒன்றும் செய்யாது. கொதிநீரின் சூட்டில் சவ்வு சிதைகிறது. உள்ளே செறிந்திருந்தது வெளியே செறிவு குறைந்த நீருக்குப் பரவுகிறது. துண்டு சிறிதானால் பரவும் தூரம் குறைவு. தண்ணீர் அதிகமானால் இன்னும் நிறைய வெளியேறும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதில் குழம்பு வைத்தால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்குத் தானாகப் பரவும் இந்த இயல்பை 'விரவல்' என்கிறோம். டயாலிசிஸ் இயந்திரத்தில் நடப்பதும் இதுவே. 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் காம்பென் நகரில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்தார். இறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயை ஒரு மரச்சட்ட உருளையில் சுற்றி, அதனுள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புநீர்த் தொட்டியில் சுழலவைத்தார். யூரியாவும் பொட்டாசியமும் உறையின் நுண்துளைகள் வழியே தொட்டிக்குப் பரவின. அடுப்பில் கொதிக்கும் காலிஃபிளவரிலும் அதே விதி. பச்சையாக நூறு கிராமுக்கு 299 மி.கி. இருக்கும் காலிஃபிளவர், வேகவைத்து வடித்தபின் 142 ஆகிவிடுகிறது. சாஸ் இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் அப்படி வடித்த காலிஃபிளவரில் நூறு கிராமைச் சேர்த்து அரையுங்கள். ஆளுக்கு 35 மி.கி.தான் கூடும்.

உப்பும், உப்புக்குப் பதிலும்

கடையில் புட்டியில் கிடைக்கும் பாஸ்தா சாஸில் அரைக் கோப்பைக்கு 400, 500 மி.கி. சோடியம் இருப்பது சாதாரணம். நாள் முழுதுக்கும் 2000க்குள் நிற்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்குள். வீட்டுச் சாஸில் நான்கு பேருக்குமாகக் கால் தேக்கரண்டி உப்புப் போட்டால் ஆளுக்கு 150 மி.கி. சோடியம்தான் வரும். அதையும் கொதிக்கும்போது போடாமல் கடைசியில் போடுங்கள். வாயில் முதலில் படுவது மேலே இருக்கும் உப்பு. குறைந்த அளவிலேயே தெரியும்.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் 'லோ சோடியம்' உப்பு வாங்கி வரும் குடும்பங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அன்பினால் செய்வது, ஆபத்தாக முடியக்கூடியது. அந்தப் பொட்டலத்தில் சோடியம் குறைந்த இடத்தை நிரப்புவது பொட்டாசியம் குளோரைடு. காய்கறியைக் கொதிக்கவைத்துக் கொட்டியதையெல்லாம் அந்த உப்பே திருப்பிக் கொண்டுவந்துவிடும். 2025 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய மாற்று உப்புகளைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையிலிருந்து வெளிப்படையாக விலக்கி வைத்தது. அவர்களுக்குச் சாதாரண உப்பே, குறைவாக, பாதுகாப்பானது.

பொட்டலத்தின் பின்பக்கம்

சாஸை வீட்டில் செய்வதற்கு இன்னொரு காரணம் பாஸ்பரஸ். தளர்ந்த சிறுநீரகம் இதையும் வெளியேற்றத் திணறும். தேங்கிய பாஸ்பரஸ் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும், இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியவைக்கும், தோலில் அரிப்பு தரும். பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவையே நம் குடல் உறிஞ்சுகிறது. தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்படுகின்றன. பதப்படுத்திய சீஸ் துண்டுகள் வழவழவென்று உருகுவதற்கு இவைதான் காரணம்.

இந்தியாவில் விற்கும் பொட்டலங்களின் பின்பக்கம் ஐ.என்.எஸ். என்ற எழுத்துகளோடு எண்கள் இருக்கும். 338 முதல் 341 வரை, அப்புறம் 450, 451, 452. இவை எல்லாம் பாஸ்பேட் குடும்பம். 508 என்றிருந்தால் பொட்டாசியம் குளோரைடு. இந்த எட்டு எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கடைக்குப் போகும் பையில் போட்டுவையுங்கள்.

நேப்பிள்ஸும் பீசாவும்

பாஸ்தாவுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவு சாஸோடு முடிவதில்லை. டயாலிசிஸ் அரிதாக இருந்த 1960களில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு உணவைத் தவிரக் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை. 1963இல் நேப்பிள்ஸில் கார்மெலோ ஜோர்தானோவும், 1964இல் பீசாவில் செர்ஜியோ ஜோவன்னெத்தி, குவிரினோ மஜ்ஜோரே இருவரும், புரதத்தை வெகுவாகக் குறைத்து, இருக்கும் கொஞ்சத்தையும் தரமானதாகக் கொடுத்தால் யூரியா தேங்குவது குறைவதைக் காட்டினார்கள். ஆனால் இத்தாலியரிடம் பாஸ்தாவை விடச் சொல்ல முடியுமா? உலர்ந்த கோதுமைப் பாஸ்தாவில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு புரதம் இருக்கிறதே. கோதுமைக்குப் பதில் வெறும் மாவுச்சத்தால் செய்த, புரதம் ஏறக்குறைய இல்லாத பாஸ்தா அங்கே உருவானது. நோயாளிகளுக்காக இன்றும் அதைத் தயாரிக்கிறார்கள். உணவைப் பறிக்காமல் உணவைத் திருத்திய அந்த மருத்துவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இன்று புரதக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையாக இல்லை. எவ்வளவு என்பது நோயின் நிலையைப் பொறுத்தது. சர்க்கரை நோயும் உள்ளவர் பாஸ்தாவின் அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 75 கிராம் உலர்ந்த பாஸ்தா ஒரு நிதானமான அளவு. டயாலிசிஸ் தொடங்கியவருக்கோ நிலைமை தலைகீழ். ஒவ்வொரு முறையும் இரத்தத்தின் கழிவுகளோடு அமினோ அமிலங்களும் கழுவிக்கொண்டு போவதால் அவருக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். அதற்கு முட்டையின் வெள்ளைக்கரு மிக உகந்தது. புரதம் நிறைய, பாஸ்பரஸ் மிகக் குறைவு. இரண்டு முட்டைகளை வேகவைத்து, மஞ்சள் கருவை வீட்டில் மற்றவருக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளையை நறுக்கி அவர் தட்டில் இதே சிவப்புச் சாஸோடு புரட்டிக் கொடுங்கள்.